முதல் குலை

"உட்காருங்க அக்கா, ஜோபா ஏறிட்டான், இதோ இறங்கிருவான்" என்று லிமேனா பாயை உதறிப் போட்டபோதே நான் சொல்லியிருக்கலாம். அவள் புருஷன் அப்போது பாதி மரத்தில்தான் இருந்தான். மரம் என்று சொல்வதே அதிகம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டை விரித்த இளம் தென்னை, எக்கினால் குலை கைக்கு எட்டும், ஆனாலும் முதல் குலை தரையில் விழக் கூடாது என்று இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பெரிய மரத்தில் ஏறுகிறவன் மாதிரி ஏறினான். லிமேனா கீழே நின்று சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. இவள் வீட்டு மழைத் தொட்டியிலிருந்து சோதனைக்கான கடைசி பாட்டிலை நிரப்பிக்கொண்டு போகத்தான் வந்தேன். நிரப்பியாயிற்று, மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தாயிற்று, போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கிளம்ப வேண்டியதுதான், உட்கார்ந்துவிட்டேன். தாழை ஓலைப் பாய் தொடையில் குத்துகிறது. எதிரே காயல், கண் கூசும் பச்சை, அதன் நடுவே எங்கள் ஆய்வுக் கப்பல் வெள்ளையாக நிற்கிறது, பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அங்கேதான் பார்வை போகிறது. அக்கா. இந்தச் சொல்லை இவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன், வந்த புதிதில், டாக்டர் ஜெசிந்தா என்று சொல்ல வராமல் இவள் திண்டாடியபோது, எங்கள் தூத்துக்குடியில் மூத்தவளை இப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். அன்றிலிருந்து ஒரு வாக்கியத்துக்கு ஒரு அக்கா. நாங்கள் பேசுவது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷ், என் மண்டைக்குள் அது தமிழாகத்தான் வந்து விழுகிறது, அதனால் இவள் என் தங்கை மாதிரி, அதனால்தான் சொல்ல முடியவில்லையா, அல்லது அதனால்தான் சொல்லியே ஆக வேண்டுமா.

காலையில் கப்பலில் சாப்பிட உட்கார்ந்தபோது மெர்ரில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் குழுவின் தலைவர், கெட்ட மனிதர் இல்லை, இந்தத் தீவு ஜனங்கள் ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரியும். "முடிவு வந்துடுச்சு. இருக்கக் கூடாது. எல்லாரும் வெளியேறணும்." முட்டையை வெட்டினார், தின்னவில்லை. கிணறுகள் எதிர்பார்த்ததுதான், ஜனங்களிடம் முன்னாலேயே சொல்லியும் இருந்தோம், நடுத் தீவில் இருப்பது மூன்றும் கூடாது, மழைத் தொட்டி பரவாயில்லை ஆனால் மழை எங்கே, நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது தேங்காய். ஜனங்களைக் கப்பலுக்குக் கூட்டிவந்து ஒவ்வொருவராக ஈயத் தகடு அடித்த அறையில் நாற்காலியில் உட்கார வைத்து, உடம்புக்குள் கதிரியக்கம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினோமே, போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஏறியிருக்கிறது, கொஞ்சநஞ்சம் ஏறவில்லை. லிமேனாவை நாற்காலியில் உட்கார வைத்தது நான். குளிரூட்டின அறை, அவளுக்கு நடுங்கியது, என் சால்வையைப் போர்த்தினேன், "அசையாதே, ஒண்ணும் வலிக்காது" என்றேன், வலிக்கவும் இல்லை, அதுதான் இதில் இருக்கும் கொடுமை, இது வலிக்காது, கசக்காது, நாறாது. "இன்னிக்குத் தேவாலயத்துக் கூட்டத்துல நானே சொல்றேன், முதல்ல அவங்க தலைவர் கிட்ட, அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து" என்றார் மெர்ரில். "அதுக்கு முன்னால யாரும் யார்கிட்டயும் பேசிர வேண்டாம். அரைகுறையா ஒரு வார்த்தை போனா தீவே அலறிடும்." நியாயம்தான், எனக்கு நியாயமாகத்தான் பட்டது, தலையை ஆட்டினேன், காப்பியை முழுக்கக் குடித்தேன். கப்பலில் காப்பிக்கு நல்ல தண்ணி. நல்ல தண்ணி என்றால் எங்கள் ஊரில் உப்புக் கரிக்காத தண்ணி, அவ்வளவுதான் அர்த்தம், குடத்தோடு போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டு நாக்கு சொன்னால் போதும். நாக்கை நம்பி எத்தனை தலைமுறை பிழைத்தது. இங்கே நாக்கு எதற்கும் உதவாது. இந்தத் தீவுக் கிணற்றுத் தண்ணியும் நல்ல தண்ணிதான், கீழே கடல் கிடக்க அதன் மேலே பாலாடை மாதிரி மிதக்கும் மழைத் தண்ணி, குடித்துப் பார்த்தால் எங்கள் தெருக் குழாயைவிட இனிக்கும்.

ஜோபா குலையை நெஞ்சோடு அணைத்து இறக்கிவிட்டான், பிள்ளையை வாங்குகிற மாதிரி லிமேனா கை நீட்டி வாங்குகிறாள், ஐந்து மாத வயிறு முட்டுகிறது, குனிய முடியாமல் முழங்காலைப் பரப்பி உட்கார்ந்து கத்தியால் காயின் தலையைச் சீவுகிறாள். ஒன்று. எனக்கு. "இது நான் நட்டது அக்கா. திரும்பி வந்த வாரமே நட்டேன். விதைக்காயைக்கூட வேற தீவுலேருந்து பார்த்துப் பொறுக்கி எடுத்துட்டு வந்தேன், இங்க கிடந்ததைத் தொடல." கொடுக்கிறாள், வாங்குகிறேன். வாங்காமல் என்ன செய்வது. ஒரு இளநீரால் ஒன்றும் ஆகாது, இதை நான் உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறோம், ஒரு விமானப் பயணம் போகிறோம், அதோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு தூசு, ஒன்றும் ஆகாது, குடித்துவிட்டு ஏப்பம் விடலாம். ஆனால் எனக்குத்தான் ஒரு இளநீர். இவளுக்கு? காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சோற்றுக்குத் தேங்காய், மீனுக்குத் தேங்காய்ப்பால், விநியோகக் கப்பல் வராத மாதங்களில் தேங்காய் மட்டும். விதையில் இல்லை லிமேனா, மண்ணில் இருக்கிறது, பவளம் பொடிந்த மண், அதில் மரத்துக்கு வேண்டிய பொட்டாசியம் கிடையாது, மரம் வேர் வேராகத் தேடுகிறது, அதே ஜாடையில் இன்னொன்று கிடைக்கிறது, இங்கே அணுகுண்டு வெடித்துச் சோதித்தபோது உதிர்ந்த கதிரியக்கச் சீசியம், இதுதான் அது என்று நினைத்து ஆசையாக உறிஞ்சி எடுத்துக் காயில் சேர்த்து வைக்கிறது. மரத்துக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்கும் தெரியாது. இதை இப்படியே சொன்னால் புரியும், எத்தனை அழகாக வாக்கியம் வருகிறது மனசுக்குள், வகுப்பு எடுக்கிற மாதிரி, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. காய் கையில் கனக்கிறது. சீவின இடத்தில் ஈரம், மரத்திலிருந்து இறங்கின குளிர்ச்சி இன்னும் போகவில்லை.

குடித்தால் அது சாட்சியாகிவிடும், அதுதான் பயம். இந்த ஊரில் குடிப்பது சாட்சி. லிமேனாவே சொன்னாள், முதல் வாரத்தில், சிரித்துக்கொண்டே, குண்டுச் சோதனைக்காகத் தீவை விட்டு ஏற்றிப்போன இவர்களைத் திரும்பி வரச் சொல்லி இறக்கிவிட்ட அன்று வெள்ளை அரைக்கால் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் கிணற்றில் ஒரு கோப்பை மொண்டு, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் குடித்தாராம், கிழவர்கள் கை தட்டினார்களாம், யாரோ போட்டோ எடுத்தார்களாம். அவர் குடித்தார், நாங்களும் குடித்தோம் என்றாள். அவர் அன்று சாயங்காலமே கப்பல் ஏறிப் போய்விட்டார். பொய் சொல்ல வந்தவர் என்று நான் நினைக்கவில்லை, கையில் இருந்த கணக்கை நம்பியிருப்பார், ஒரு கோப்பையால் ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும், ஒன்றும் ஆகியும் இருக்காது. குடிக்காவிட்டால்? முதல் குலை. இங்கே முதல் குலையை வெளியாளுக்கு வெட்டுவது சும்மா இல்லை, எங்கள் பக்கம் முதல் மீனைக் கோயிலுக்குக் கொடுப்பார்களே, அதற்கும் மேலே. கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வழி தெரிகிறது, சின்னதாக, வெட்கக்கேடான வழி. விருந்தாளி வாய் வைக்கும் வரை வீட்டுக்காரி வாய் வைக்க மாட்டாள், அது இவர்கள் முறை, தனக்கும் ஒன்று சீவி மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் குடிக்காத வரைக்கும் இவளும் குடிக்க மாட்டாள். கூட்டத்துக்கு மணி அடிக்கும் வரை இப்படியே பேசிக்கொண்டிருந்தால் போதும், அப்புறம் மெர்ரில் சொல்லிவிடுவார், நான் சொல்ல வேண்டியிருக்காது. பேசு ஜெசிந்தா, எதையாவது பேசு. "வலி இருக்கா முதுகுல?" என்று கேட்கிறேன். "ராத்திரிலதான்" என்கிறாள். "உதைக்குதா?" "நேத்துலேருந்து." சட்டையில் குத்தியிருக்கும் ஃபிலிம் பேட்ஜ் வெயிலில் மினுங்குகிறது, எனக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கறுத்துக் காட்டுகிற துண்டு ஃபிலிம். அதைத்தான் இவள் முதல் நாள் தொட்டுப் பார்த்துக் கேட்டாள், இது எதுக்கு என்று. என் பாதுகாப்புக்கு என்றேன். "அப்ப எனக்கு?" என்றாள். நீ வேலை செய்கிறவள் இல்லையே, குடியிருக்கிறவள் என்று சொல்ல வந்து, சொல்லாமல், நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

என் மகள் பெனிட்டா வயிற்றில் இருந்தபோது எனக்கு எத்தனை பாதுகாப்பு. பம்பாயில் ஆய்வுக்கூடத்தில் சொன்ன அன்றைக்கே கோகலே சார் என் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், "நீ பிரசவம் முடியற வரைக்கும் லைப்ரரில உட்காரும்மா, இந்தக் கட்டடத்துப் பக்கமே வராதே" என்று. விதி அது, வயிற்றில் பிள்ளை இருந்தால் கதிர்வீச்சு வரம்பு வேறு, பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. எனக்கு எப்படி ஆத்திரம் வந்தது அன்று. பாதியில் விட்ட சோதனை, கூட வேலை செய்தவன் முடித்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைக்கிற மாதிரி கழுவினேன், என் வீட்டுக்காரர் ராயப்பன் சமையலறை வாசலில் நின்று, "பிள்ளைக்காகத்தானே ஜெசி சொல்றாரு" என்றார், "பொம்பளைன்னு சொல்றாரு" என்றேன். ஆறு மாதம் ஒரு மர நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே, பழைய சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு, அந்த நாற்காலியைச் சபித்துக்கொண்டு. அந்த நாற்காலியை நான் கும்பிட்டிருக்க வேண்டும். யாரோ ஒருத்தர் எழுந்து வந்து, முகத்தைப் பார்த்து, நேரே, இங்கே இருக்காதே என்று எனக்குச் சொன்னார், எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொன்னார், எந்தக் கூட்டத்துக்கும் அவர் காத்திருக்கவில்லை. பெனிட்டாவுக்குப் பதினாலு வயசாகிறது, மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள், கணக்கு வரவில்லை, அவ்வளவுதான் குறை. அவள் பிறந்தவுடன் நான் விரல்களை எண்ணினேன், எல்லாத் தாயும் எண்ணுவாள், ஆனால் நான் எண்ணினது வேறு பயத்தில், லைப்ரரிக்குப் போவதற்கு முந்தின வாரங்களை நினைத்து. லிமேனா எண்ணுவாளே. எதை நினைத்து எண்ணுவாள், இந்தப் பாயை நினைத்தா, நான் காயைக் கையில் வைத்துக்கொண்டு முதுகு வலியை விசாரித்ததை நினைத்தா. இப்போது சொல்லிவிடலாம். மூச்சை இழுத்து, இப்போது. மெர்ரிலுக்குத் தலையாட்டினேனே. தலையாட்டினது பெரிதா. ஐந்து நிமிஷத்தில் மணி அடித்துவிடும், அதற்குள் இவள் குடிக்கப் போவதில்லை, முறை தெரிந்தவள், என்று நினைத்துக்கொண்டே காயைப் பார்க்கிறேன், நிமிர்ந்தால் லிமேனா தலையைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள். கழுத்து ஏறி இறங்குகிறது. பாதி காலி. முகவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, "கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு முறை தெரியும், உள்ளே இருக்கறதுக்குத் தெரியலையே. ரொம்ப நேரமாக் கேட்டுது" என்று சிரிக்கிறாள்.

"குடிக்காதே லிமேனா." என் குரல்தானா. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, இரண்டே வார்த்தை, ஒரு கல்லைக் காலால் தள்ளுகிற மாதிரி. அவளுக்குப் புரியவில்லை, காய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். "ஏன், உப்பு ஏறியிருக்கா? இனிப்பாத்தானே இருக்கு." இனிப்பாகத்தான் இருக்கும் என்றேன். இனிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அளந்து பார்த்தாயிற்று, கூடாது. "கிணறுதானே கூடாதுன்னாங்க?" இதுவும் என்றேன். "இந்த மரமா?" எல்லா மரமும். அவள் ஜோபாவிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள், அடுத்த காயைச் சீவப் போனவன் கத்தியை அப்படியே மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான், பிறகு குலையைப் பார்த்தான். "நாலு மாசமா அக்கா" என்றாள் லிமேனா. "வேற எதுவும் வயித்துல நிக்கல. தெற்குக் கரை மரத்துலேருந்து ஜோபா தினமும் கொண்டுவருவான். மருந்துக் கப்பல்ல வந்த நர்ஸ்தான் சொன்னா, மசக்கைக்கு இதைவிட நல்லது கிடையாதுன்னு." நர்ஸ் சொன்னதில் தப்பில்லை, எங்கள் ஊரிலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதைத்தான் குடித்தேன், செம்பூர் சந்தையில் வாங்கி. "பிள்ளைக்கு?" என்றாள். தெரியலை லிமேனா என்றேன். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது என்றேன். "பெரும்பாலும்னா?" பெரும்பாலும் என்றால் பெரும்பாலும்தான், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்ல என் படிப்பில் வார்த்தை இல்லை, ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்று சொல்லலாம், ஆனால் என் முன்னால் இருப்பது ஆயிரம் பேர் இல்லை, கால் வீங்கின ஒருத்தி. அவள் காயைப் பாயில் வைக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை, இரண்டு கையாலும் வயிற்றின் மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அடுப்பில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று கேட்கிற குரலில், "உங்களுக்கு எப்பத் தெரியும்?" காலைல என்றேன். "பாயில உட்காரும்போதே?" ஆமாம். "மரத்துல அவன் ஏறும்போதே?" ஆமாம் லிமேனா. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், என் காயைப் பாயில் வைத்துவிட்டுக் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கையில் காய் இருந்தது. கத்தியை மரத்திலிருந்து பிடுங்கி ஜோபா ஓலையில் துடைத்தான், இரண்டு பக்கமும் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

தேவாலயத்து வாசலில் தொங்கவிட்டிருக்கும் காலி கேஸ் சிலிண்டரை யாரோ இரும்பால் அடிக்கிறார்கள். மணி. இதற்காகத்தான் காத்திருந்தேன். பாதையில் ஜனங்கள் போக ஆரம்பித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருக்கிறார்கள், நல்ல செய்தி என்று நினைத்திருக்கிறார்களா, கூட்டம் என்றால் இவர்கள் எப்போதும் குளித்துவிட்டுத்தான் போவார்கள். லிமேனா எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றுகிறாள், நான் கை கொடுக்கிறேன், பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள், எழுந்ததும் விட்டுவிடுகிறாள். "மெர்ரில் சொல்லும்போது நான் முதல் தடவையா கேக்கற மாதிரி இருக்கணுமா?" என்கிறாள். என் வேலையைப் பற்றியா இவள் யோசிக்கிறாள், இந்த நேரத்தில், இந்த வயிற்றோடு. "வேண்டாம். நான்தான் சொன்னேன்னு சொல்லு. எந்திரிச்சு நின்னு சொல்லு" என்றேன். அவள் கூந்தலை முடிந்துகொண்டாள். நடக்கிறோம். முன்னால் ஜோபா, நடுவில் அவள், பின்னால் பாட்டில்கள் இடிக்கும் பையோடு நான். பவளத் தூளில் செருப்பு நறநறக்கிறது. மெர்ரிலிடம் போனதும் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டேன் என்று, அது கஷ்டமாக இருக்காது, அவர் முகம் வாடும், வாடட்டும், ஐந்து நிமிஷம் முன்னால், மரத்தடியில், அந்தக் குலை இறங்குவதற்கு முன்னால் இவளிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும், ஒரு காயில் பாதி, ஒன்றும் ஆகாது, பாதிக் காயால் ஒன்றும் ஆகாது, நாலு மாதத்துக் காய்களோடு இந்தப் பாதியை யார் தனியாகப் பிரித்து எண்ணப் போகிறார்கள், நான் எண்ணுவேன். தேவாலயத்துக்கு முன்னால் லிமேனா நின்றுவிட்டாள். திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, வேறு எதையோ கணக்குப் பார்க்கிற முகம், இந்தத் தீவை மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டவளின் முகம். "முதல் தடவை எங்களை ஏத்திட்டுப் போனப்ப நான் சின்னப் பிள்ளை" என்றாள். "கப்பல்ல தண்ணி தீர்ந்துபோச்சு. என் தம்பி அழுது அழுது அப்புறம் சத்தமே வரல, வாய் மட்டும் திறந்து திறந்து மூடுச்சு. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்தத் தடவை கப்பல்ல குடிக்கத் தண்ணி இருக்குமா அக்கா?" இருக்கும் என்றேன். "நிறைய இருக்கும், நீ பயப்படாதே." அவள் என் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், நம்பினாள், உள்ளே போய் முன் வரிசையில் ஜோபா பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தைக்கு ஆயிரம் முறை யோசித்த நான், இதற்கு யோசிக்கவே இல்லை. எந்தக் கப்பல் வரும், எப்போது வரும், அதில் எத்தனை பேருக்குத் தண்ணி இருக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் குழுவில் யாரும் இன்னும் அதைக் கேட்டதுகூட இல்லை.